ஊசி விழுந்தால் கேட்கும் வீடு

அந்த மாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில், நீள வராந்தாவின் கடைக்கோடி வீட்டில், பகல் வேளையில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. துக்கமோ சண்டையோ ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் பேக்கரியில் ராத்திரி வேலை பார்க்கிற ரொட்டிக்காரர். ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் வந்து படுப்பார், ஊர் வீடு திரும்புகிற நேரத்தில் எழுந்திருப்பார். இருந்ததோ ஒரே அறை, அதில் ஒரு சமையல் மூலை, நடுவே தடித்த திரை. திரைக்கு அந்தப் பக்கம் தூக்கம், இந்தப் பக்கம் மற்ற எல்லாமும்.

அந்தத் தூக்கத்துக்குக் காவல் அவர் மனைவி. சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பது அவள் தொழில், அதனால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பொத்தான்காரி என்றே பெயர். தையல் மிஷின் வேலை கிடைத்தும் வேண்டாமென்று சொன்னவள் அவள். மிஷின் சத்தம் போடும், கைத்தையல் சத்தம் போடாது என்பதுதான் காரணம். சொட்டுகிற குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொட்டி வரை தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கும். தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருந்தாள். பொத்தான் டப்பாவுக்குள் பழைய சட்டைத்துணி விரித்திருந்தாள். எவர்சில்வர் பாத்திரமெல்லாம் பரணுக்குப் போய், பிளாஸ்டிக் தட்டும் மரக்கரண்டியும் இறங்கி வந்திருந்தன. ஊசி விழுந்தால் கேட்கும் என்று எல்லோரும் பேச்சுக்குத்தான் சொல்வார்கள். இந்த வீட்டில் நிஜமாகவே கேட்கும். கீழே விழுந்த ஊசியை அவள் காதை வைத்தே தேடி எடுத்துவிடுவாள்.

தன் வீட்டோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. வராந்தா முழுக்க அவள் ஆட்சிதான். எதிர்வீட்டுக்காரிக்கு இயற்கையிலேயே வெண்கலத் தொண்டை. அவள் புருஷன் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன், வீட்டிலும் இரும்பைப் போட்டுத் தட்டுகிறவன். அந்த இரண்டு பேரையும் பொத்தான்காரி அடக்கி ஒடுக்கி வைத்திருந்தாள். கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். "இந்தப் பொத்தானு ஒருத்திக்குப் பயந்து நான் என் புருஷனை மெதுவாத் திட்ட வேண்டியிருக்கு" என்று எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று குறைபட்டுக்கொள்வாள். அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை பிறந்த புதிதில், அது பகலெல்லாம் வீறிட்டு அழுதுகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் ரொட்டிக்காரர் வலது கையில் கட்டோடு வீடு வந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அசந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவள் நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டாள். தூக்கம் கெட்டதால் கண் அசந்தார், கண் அசந்ததால் கை வெந்தது. இனிமேல் என் வீட்டில் இவர் தூக்கம் கெடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான்.

இந்த ஆட்சியில் வளர்ந்த பிரஜை அவர்கள் மகள். நடக்கிற சத்தம்கூடக் கேட்காது என்பதால் வராந்தாவில் அவளுக்குப் பூனை என்று பெயர் விழுந்துவிட்டது. பூனைக்குப் பேச்சுக்குப் பதில் கை இருந்தது. வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் பசி. இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தால் தண்ணீர். காதைப் பிடித்து இழுத்தால் ஒன்றுக்கு வருகிறது. கண்ணைச் சுருக்கி மூக்கைத் தொட்டால், எதிர்வீட்டில் ஏதோ தீய்கிறது. அம்மாவும் பெண்ணும் நாள் முழுக்க இப்படிக் கையாலேயே கதையடிப்பார்கள், கையாலேயே சண்டை போடுவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாரும், "இப்படி ஒரு தங்கமான பிள்ளையா!" என்று வியந்து போவார்கள். பொத்தான்காரிக்குத் தலைகால் புரியாது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்த்தான் அடங்கக் கற்றுக்கொள்ளும், என் பிள்ளை கற்றுக்கொண்ட பிறகுதான் பள்ளிக்கூடமே போகப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

வாரம் ஒரு தடவை பைக்காரி வருவாள். கையில் காசு புழங்காத வீடுகளில், பள்ளிக்கூடம் சேரப்போகிற பிள்ளைகளைத் தயார் செய்ய ஒரு அமைப்பு அனுப்புகிற பெண் அவள். பொத்தான்காரி வயதுதான் இருக்கும். தோளில் தொங்கும் பெரிய பையில் படப் புத்தகம், மரக்கட்டை, களிமண், மழுங்கின கத்தரி எல்லாம் இருக்கும். முதல் நாள் பையைத் தரையில் வைத்தபோது கட்டைகள் கடகடத்தன. பொத்தான்காரி பாய்ந்து வந்து பைக்கு அடியில் ஒரு போர்வையைச் செருகினாள். அன்றிலிருந்து பைக்காரியும் அந்த வீட்டில் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

பூனைக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஓட்டைப் பொத்தான், நாலு ஓட்டைப் பொத்தான், சிப்பிப் பொத்தான் என்று நொடியில் பிரித்து வைத்தாள். விரல் விட்டு எண்ணினாள். படத்தில் ஆட்டைக் காட்டினால் தலையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். பைக்காரிக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, இவளை ஒரு நாள் கீழ பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய் விளையாட விடலாமா? கொஞ்சம் வாய்விட்டுப் பேசட்டுமே."

"பேசுறாளே டீச்சர், நாள் பூரா என்கிட்ட பேசிக்கிட்டேதானே இருக்கா."

"கையால பேசுறா."

"எதால பேசினா என்ன? எனக்குப் புரியுது."

உங்களுக்குப் புரிகிறது, சரி, ஊருக்கு? என்று பைக்காரி கேட்க நினைத்தாள். திரைக்குப் பின்னால் ரொட்டிக்காரர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டதும் பொத்தான்காரி விரலை உதட்டில் வைத்தாள். கேள்வி அப்படியே நின்றுபோனது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் புதுப் பிள்ளைகளை ஒரு காலை நேரம் வரச்சொல்லிப் பார்ப்பார்கள். பொத்தான்காரி தானே தைத்த கவுனை மாட்டிவிட்டு, ஆறு சிப்பிப் பொத்தானும் பளபளக்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். பெற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே அழுகிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை, மேஜைக்கடியில் ஒளிகிற பிள்ளை என்று ஒரே அமர்க்களம். பொத்தான்காரி பக்கத்திலிருந்த அம்மாக்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அவள் காதில் அவள் மகளின் சத்தம் மட்டும் விழவே இல்லை. அந்தப் பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பெரிய டீச்சர் அவளை மட்டும் கூப்பிட்டார்.

பூனை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். காதில் பஞ்சு. கவுன் நனைந்து, காலடியில் குளம். முகத்தில் அழுகை இல்லை. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் காதைப் பிடித்து இழுத்தாள், பஞ்சு கீழே விழுந்தது. இன்னும் இழுத்தாள். இழுத்து இழுத்து அந்தக் காது செக்கச் செவேலென்று இருந்தது.

"ரொம்ப நேரமா காதையே பிடிச்சுக்கிட்டிருந்தா. காது வலின்னு நினைச்சு மிஸ் பஞ்சு வச்சிருக்காங்க" என்றார் பெரிய டீச்சர். கெட்ட மனுஷி இல்லை, தணிவாகத்தான் பேசினார். "பேர் கேட்டோம், சொல்லல. என்ன வேணும்னு கேட்டோம், சொல்லல. தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு மிஸ்ஸுக்கு இத்தனை பிள்ளைங்க. ஒரு தேவைன்னா வாயால சொல்லத் தெரிஞ்சாத்தான் எங்களால பார்த்துக்க முடியும். திறக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. அப்பவும் இப்படின்னா, அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்."

பக்கத்தில் நின்ற மிஸ், "டாக்டர்கிட்டக் காட்டினீங்களா? பிள்ளை கொஞ்சம் மந்தமோ..." என்று இழுத்தாள்.

பொத்தான்காரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டுவரவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தாள். மந்தமாம். எதிர்வீட்டில் பால் பொங்கப்போவதை வாசனையிலேயே சொல்கிற பிள்ளை மந்தமாம். கோபம் மிஸ் மேல் வந்தது, பெரிய டீச்சர் மேல் வந்தது. மாடிப்படி ஏறும்போது சுற்றிச் சுற்றித் தன் மேலேயே வந்து நின்றது. அதை உடனே உதறிவிட்டாள். அன்றைக்குப் பைக்காரி வருகிற நாள். கோபத்தை இறக்கி வைக்க ஆள் இருந்தது.

பைக்காரி வந்து உட்காரக்கூட இல்லை, பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் பொத்தான்காரி மளமளவென்று கொட்டித் தீர்த்தாள்.

"வாராவாரம் வர்றீங்களே, என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க?" பொத்தான்காரி கிசுகிசுத்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"அக்கா, நான் அப்பவே சொன்னேன்." பைக்காரியும் கிசுகிசுத்தாள்.

"என் பிள்ளைக்கு வாய் இல்லைங்கறீங்களா?"

"வாய் இருக்கு. அதுக்கு இந்த வீட்டுல வேலை இல்ல. அவ வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்க விரலை வைக்கிறீங்க."

"நான் ஆசைக்கா வைக்கிறேன்? அந்த மனுஷன் தூங்கலைன்னா அடுப்புல கையை விட்டுக்குவாரு. கை போனா யார் சோறு போடுவா? நீங்களா?"

"அதுக்காகப் பிள்ளை ஒரு வருஷம்..."

"மெதுவா!"

"மெதுவாத்தானே அக்கா பேசுறேன்!"

இரண்டு பெண்கள் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, மூச்சுக்காற்றாலேயே சண்டை போடுவதை மேஜைக்கடியில் உட்கார்ந்து பூனை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது திரை சர்ரென்று விலகியது. ரொட்டிக்காரர் நின்றார். எத்தனை குளித்தாலும் போகாத மாவு காதோர முடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"சண்டை போடுறதுன்னா வாய்விட்டுப் போட்டுத் தொலைங்களேன்! எதுக்கு இப்படிக் கிசுகிசுன்னு? காதுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இந்த வீட்டுல என்னைக்காவது நான் ஒழுங்காத் தூங்கியிருக்கேனா!"

"என்னது?" என்றாள் பொத்தான்காரி.

அது கிசுகிசுப்பு இல்லை. முழுக்குரல். வராந்தா வரைக்கும் போயிருக்கும். மேஜைக்கடியில் பூனையின் கண் இரண்டும் அகல விரிந்தன.

"ஆமா. பேக்கரியில நடுவுல கொஞ்சம் சாஞ்சுக்குவோம்ல, நான் எங்க படுப்பேன் தெரியுமா? மாவு பிசையுற மிஷினுக்குப் பக்கத்துல, மூட்டை மேல. அது கடகடன்னு ஓடுற வரைக்கும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குவேன். மிஷினை நிறுத்தினாத்தான் முழிப்பு வரும். இங்க வந்து படுத்தா மயான அமைதி. அதுல நீ ஒரு மூச்சு விடுறே, என்னமோ ஏதோன்னு முழிச்சுக்கறேன். அவ கால் வைக்கிறா, முழிச்சுக்கறேன்."

"இத்தனை நாளா ஏங்க இதைச் சொல்லல?"

"உனக்கு அமைதிதான் பிடிக்கும்னு நினைச்சேன். எதிர்வீட்டுக்காரியவே வாய மூட வச்சவ நீ. நான் எம்மாத்திரம்?"

பைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பொத்தான்காரி சிரிக்கவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்துத் தழும்பைத் திருப்பிக் காட்டினாள்.

"அப்ப இது? தூக்கம் இல்லாம அசந்துட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அசந்துட்டேன்னு சொன்னேன். தூக்கம்னு நீயா சேர்த்துக்கிட்டே. அன்னைக்குப் புதுசா ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சூடான டிரேயோட வந்தா, 'சூடு! வழி!'ன்னு கத்திக்கிட்டே வரணும், அது எங்க பேக்கரி சட்டம். அவன் கூச்சப்பட்டுக்கிட்டு வாயே திறக்காம எனக்குப் பின்னாடி வந்து நின்னுட்டான். நான் திரும்பினேன், பட்டுருச்சு. வெளிய சொன்னா அவன் வேலை போயிடும். அதான் நான் அசந்துட்டேன்னு சொல்லி வச்சேன். அப்புறம் அதுவே நிலைச்சுப் போச்சு."

பொத்தான்காரி பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. சத்தத்தால் வெந்த கை என்று எண்ணி வீட்டையே வாயடைத்து வைத்தாள். கை வெந்ததோ ஒருவன் சத்தம் போடாததால். இந்தப் பிள்ளை சொல்ல வாயெடுத்த எத்தனை வார்த்தைகளைத் தன் விரலால் திருப்பி உள்ளே தள்ளியிருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"என்னடி பொத்தானு, நீயா கத்தினே? வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல!" என்று உள்ளிருந்தே கத்தினார் ரொட்டிக்காரர். "இனிமே நீ உன் புருஷனை உன் இஷ்டத்துக்குத் திட்டிக்கலாம்!"

"ஐயோ, நிஜமாவா?" என்றாள் அவள். அன்று சாயங்காலமே தொடங்கியும் விட்டாள்.

ஆனால் பூனைக்கு அது அத்தனை சுலபமாக வரவில்லை. பொத்தான்காரி அவளை எதிரே உட்கார வைத்துச் சத்தமாக, "என் தங்கமே, அம்மாகிட்டப் பேசு, என்ன வேணும்?" என்றாள். பிள்ளை மெல்ல எழுந்து வந்து, தன் சின்ன விரலை அம்மாவின் உதட்டில் வைத்தாள். பயத்தோடு திரையைப் பார்த்தாள்.

"அவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குச் சரியாத் தெரியாது" என்றார் ரொட்டிக்காரர். "நாளைக்குக் காலையில வேலை முடியுற நேரத்துல பேக்கரிக்குக் கூட்டிட்டு வா."

பேக்கரி இரண்டு தெரு தள்ளி, பின்பக்கச் சந்தில். மழை விட்டிருந்தது. வெளுத்துக்கொண்டிருந்த வானத்துக்குக் கீழே அந்தச் சந்து முழுக்க ரொட்டி வாசனை. உள்ளே நுழைந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. மிஷின் ஒரு பக்கம் ஓட, அடுப்புக் கதவு திறந்து மூட, டிரேக்கள் அலமாரித் தட்டில் ஏற, ஒருவர் பேசினால் ஒருவருக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் கத்தினார்கள். கோபத்தில் கத்தவில்லை. யார் சூட்டோடு நகர்ந்தாலும், "சூடு! வழி!" என்பார்கள். வழியில் நிற்கிறவர்கள் ஒதுங்கி, "வா, வா!" என்பார்கள். குரல் கேட்டால் கூட்டம் விலகியது, வேலை நடந்தது. பூனை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவை யாராவது கத்தும்போதும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா ஒரு தடவையும் கோபப்படவில்லை. அப்பாவே கத்தினார். எல்லாரையும்விடப் பெரிய குரல் அப்பாவுடையதுதான்.

தலைமை ரொட்டிக்காரர் தொப்பை வைத்த மனிதர். குனிந்து பிள்ளையைப் பார்த்தார். "இது யாரு, புதுசா வேலைக்கு வந்த ஆளா? சரி, இந்தா பிடி." ஆறிப்போன பன் நாலைந்தை ஒரு சின்ன டிரேயில் வைத்து அவள் இரண்டு கையிலும் கொடுத்தார். "அதோ, அந்த ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய் வை. ஆனா இங்க ஒரு சட்டம் இருக்கு. சத்தம் குடுக்காம யாரும் நகரக் கூடாது."

மிஷினை யாரோ நிறுத்தினார்கள். வேலை பார்த்த ஆட்கள் அத்தனை பேரும் வழியில் வரிசையாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மதில் மாதிரி நின்றார்கள்.

பூனை ஒரு அடி வைத்தாள். யாரும் அசையவில்லை. கையைத் தூக்கிப் போ என்று காட்டப் பார்த்தாள், டிரே சாய்ந்தது. ஒரு பன் உருளப் பார்த்தது, சட்டென்று டிரேயை நிமிர்த்திக்கொண்டாள். தாடையை ஆட்டிக் காட்டினாள். முன்னால் நின்ற, மாவு பிசைகிற மாவுக்காரர் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தார். பிள்ளைக்கு அழுகை முட்டியது. பொத்தான்காரி ஒரு அடி முன்னால் வைத்தாள். ரொட்டிக்காரர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வழி" என்றாள் பூனை. காற்று மாதிரி வந்தது.

"யாரோ என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சே?" என்றார் தலைமை ரொட்டிக்காரர்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் மாவுக்காரர்.

"வழி."

"ம்ஹூம்."

பிள்ளையின் முகம் சிவந்தது. பொத்தான்காரிக்கு அந்தச் சிவப்பு தெரியும். அவளுக்கே வருகிற கோபம் அது. பூனை காலை அகட்டி வைத்துக்கொண்டாள்.

"சூடு! வழி!"

மெல்லிய குரல் இல்லை. கரகரப்பான, அடிவயிற்றிலிருந்து வந்த, அப்பாவின் குரல். மதில் அப்படியே இரண்டாகப் பிளந்தது. "வா, வா!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பூனை டிரேயை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நடந்துபோய் ஜன்னலோரம் வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, "இன்னொண்ணு" என்றாள். ரொட்டிக்காரர் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் மாவாகி நின்றார்.

அடுத்த தடவை பைக்காரி வந்தபோது பொத்தான்காரி வாசலிலேயே நிறுத்திக் கதை முழுவதையும் சொன்னாள். முழுக்குரலில்தான். முன்பு சண்டை போட்டதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. டீ போட்டு, ரொட்டிக்காரர் கொண்டுவந்த ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள், அதுவே போதும் என்று பைக்காரி எடுத்துக்கொண்டாள்.

"கை காலியா இருந்தா கையால சொல்றா. கை நிறைஞ்சிருந்தா வாயால சொல்றா. அப்படித்தானே அக்கா?" என்றாள் பைக்காரி. "சரி, இன்னையிலிருந்து என் பையை இவதான் தூக்கணும். ரெண்டு கையாலயும்."

அப்படித்தான் நாட்கள் போயின. பசி என்றால் கையில் இரண்டு தட்டு. தண்ணீர் என்றால் கையில் தலையணை. ஒன்றுக்கு என்றால் கையில் அம்மாவின் பொத்தான் டப்பா. பைக்காரி படப் புத்தகத்தை அவள் மடியில் விரித்து, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "ஆடு எங்க போகுது?" என்று கேட்டாள். முதலில் ஒரு வார்த்தை வந்தது. பிறகு ஒரு பேச்சு வந்தது. கட்டைகள் போர்வையில்லாத தரையில் கடகடவென்று விழுந்தன. திரைக்குப் பின்னால் ரொட்டிக்காரர் குறட்டை விட்டார். எதிர்வீட்டில் குழாய்க்காரன் சுத்தியலால் அடித்தான், அவன் மனைவி அவனைத் திட்டினாள், வராந்தா கலகலத்துக் கிடந்தது.

ஆனாலும் பொத்தான்காரிக்கு ஒரு பயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யார் இவள் கையில் தட்டைக் கொடுப்பார்கள்? கை காலியாக இருந்தால் காதுக்குத்தானே போகும்? இதைப் பைக்காரியிடம் கேட்டாள். "தெரியல அக்கா" என்றாள் பைக்காரி, உள்ளதை மறைக்காமல். "போய்த்தான் பாக்கணும். நானும் வர்றேன்."

மறுபடியும் அதே பெஞ்ச். இந்தத் தடவை பொத்தான்காரி மற்ற அம்மாக்களைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மற்ற பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அவள் மகளின் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் பைக்காரி நகத்தைக் கடித்தாள். வரும் முன் குடித்த பால் இந்நேரம் வேலை செய்திருக்கும். இப்போது காதைப் பிடித்திருப்பாள். இப்போது இழுத்துக்கொண்டிருப்பாள். எழுந்து கதவைத் திறந்துவிடலாமா என்று பொத்தான்காரி பாதி எழுந்தே விட்டாள்.

"சூடு! வழி!"

கதவுக்கு அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது.

"சூடு! வழீ!"

கதவு திறந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, நடுவே பூனை வந்தாள். அவள் இரண்டு கையிலும் களிமண் வைத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு. யாரும் கொடுக்கவில்லை. மேஜையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் அந்த மிஸ் ஓடிவந்தாள்.

"எங்க போறே? ஏய், எங்க போறே?"

பூனை நின்று, திரும்பி, அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணுக்குப் போறேன்!" என்றாள், மூன்று வகுப்பறைக்குக் கேட்கும்படி.

"சரி, தட்டை வச்சுட்டுப் போம்மா."

பிள்ளை தட்டைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். "நீங்க பிடிங்க" என்று அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓடினாள். மிஸ் தட்டோடு அப்படியே நின்றாள். பைக்காரி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து நழுவினாள். பொத்தான்காரி மட்டும் சிரிக்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு, மிஸ்ஸிடம் நேராகப் போனாள்.

"டாக்டர்கிட்டக் காட்டணுமாங்க?" என்றாள்.

மிஸ்ஸுக்கு முகம் சிவந்து, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். பெரிய டீச்சர் வந்து, பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணும்மா, கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லிக் குடுங்க" என்றார்.

"அது முடியாதுங்க" என்றாள் பொத்தான்காரி. "வேணும்னா நீங்க சொல்லிக் குடுங்க."

பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளை விட்டுவிட்டு வந்து, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தாள். மழை இல்லாத, வெளிச்சமான காலை. எதிர்வீட்டுக்காரியும் புருஷனோடு எங்கோ வேலைக்குப் போயிருந்தாள். குழாய்த் தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது. ஊசி துணிக்குள் போய் வருவதுகூடக் கேட்டது. இந்த அமைதிக்காக எத்தனை பாடுபட்டாள்! இன்றைக்கு அது அவளுக்கே பிடிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் கட்டில் முனகியது. ரொட்டிக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன, ஒண்ணையும் காணோம்?"

"அவதான் பள்ளிக்கூடம் போயிட்டாளே."

"அதான் முழிச்சுக்கிட்டேன். தூக்கமே வரல." பாவமாக அங்கேயே நின்றார். "எப்படிப் போனா? அழுதாளா?"

"போய்ப் படுங்க, சொல்றேன்."

அவர் போய்ப் படுத்தார். பொத்தான்காரி எழுந்து குழாயில் கட்டியிருந்த நூலை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் டப் டப்பென்று விழ ஆரம்பித்தது. திரும்ப வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, நல்ல சத்தமாகத் தொடங்கினாள். வாசலில் மகள் கையை விடாமல் நின்றதை, உள்ளே ஒரு பையன் அழுததை, மகள் போய் அவன் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கோ, அப்புறம் சொல்லு" என்றதை, எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பாதியில் திரைக்குப் பின்னால் குறட்டை கேட்டது. அவள் நிறுத்தவில்லை. சொல்ல இன்னும் நிறைய இருந்தது.